கயிற்றுக்கு அந்தப் பக்கம்

எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாவது வருடத்துக்கு மகள் எங்கள் இரண்டு பேருக்கும் டோக்கியோவுக்குப் பயணச்சீட்டு எடுத்துத் தந்தாள். நவம்பர் மாதத்தின் கடைசிப் பகுதி. மெல்பேர்ணின் புறத்தே, கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டுப் புல் மளமளவென்று வளர்ந்து, எனக்கு வழக்கமான தும்மல் தொடங்கியிருந்த காலம். டோக்கியோவில் அப்போது இலையுதிர் காலமாம்.

"மரமெல்லாம் ஃபுல்லா ரெட்டும் யெல்லோவும் அம்மா. ஃபெஸ்டிவல்சும் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒண்டும் யோசிக்காம என்ஜோய் பண்ணிட்டு வாங்கோ," என்றாள்.

என் கணவர் கைத்தொலைபேசியில் சீட்டைப் பார்த்தார். "நல்லம்," என்றார். பிறகு கராஜுக்குள் போய்விட்டார். சொந்தமாக ஒரு வான் வைத்து, வீடுகளில் டைல்ஸ் பதிப்பது அவருடைய தொழில். கராஜ் நிறைய டைல்ஸ் பெட்டிகள்தான். நான் தேநீர் கொண்டுபோனபோது அவற்றில் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். விளக்கைக்கூடப் போடவில்லை.

"போறது பிரச்சினை இல்லை," என்றார். "திரும்பி வர விடுவாங்களோ?"

"என்னப்பா கதைக்கிறீங்கள்? நீங்கள் இந்த நாட்டுச் சிற்றிசன்."

"ஓம்," என்றார். அந்த ஓமில் ஒரு நம்பிக்கையும் இல்லை.

அவர் கடலால் வந்தவர். நானும் மகளும் ஊரில் இருக்க, படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் நெடுநாள் இருந்து, பிறகு விசா கிடைத்து எங்களைக் கூப்பிட்டவர். முகாமில் இருந்த காலத்தைப் பற்றி என்னிடம் அவர் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் காலம் எங்கள் வீட்டில் எங்களோடேயே இருந்தது. பொலிஸ் கார் பின்னால் வந்தால், அது எங்களைப் பார்க்காவிட்டாலும், அவர் பக்கத்து வீதிக்குள் காரைத் திருப்பிவிடுவார். கேரம் டவுன்ஸ் கோயிலில் திருவிழாவுக்குச் சனம் கூடி, வாகனங்களை ஒழுங்குபடுத்த மஞ்சள் உடுப்புப் போட்டவர்கள் வந்துவிட்டால், சாமி வெளியே வருமுன்பே அவர் போய்க் காருக்குள் இருந்துவிடுவார். நானும் மகளும் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருக்கிறோம். ஒரு கல்யாணத்துக்கு லண்டன் போயிருக்கிறோம். அவர் ஒருமுறைகூட இந்த நாட்டை விட்டு வெளியே போனதில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு குளியலறை முடிக்கவேண்டியிருக்கும்.

பயம் அவருடையது. அவருடைய முகத்தைப் பார்த்துப் பயப்படுவது என்னுடையது. இத்தனை வருடத்தில் அது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

மெல்பேர்ண் விமான நிலையத்தில் முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் இயந்திரம் எனக்கு உடனே வழிவிட்டது. அவருக்குத் திறக்கவில்லை. நான் அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்க்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி நின்றார். இயந்திரத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் வந்தது. ஒரு பெண் அதிகாரி கையைக் காட்டி அவரைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். இவர் நடந்து போன விதத்தை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி போனார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு மனிதரை நான் கண்டதில்லை.

அந்தப் பெண் கடவுச்சீட்டைப் புரட்டி, ஏதோ தட்டி, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். ஆனால் அவர் என்னிடம் வந்து சேர்ந்தபோது சட்டையின் முதுகுப்பக்கம் நனைந்திருந்தது.

"என்ன கேட்டவ?"

"ஹாவ் அ குட் ட்ரிப் எண்டவ."

விமானத்தில் அவர் சாப்பிடவில்லை. கடவுச்சீட்டைச் சட்டையின் உள்பையில் வைத்து, அடிக்கடி மேலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டோக்கியோவில் இறங்கியதும் இன்னொன்று. அங்கே வெளிநாட்டவர்களின் விரல் அடையாளத்தை எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. மகளும் சொல்லவில்லை. அவளுக்கு அது ஒரு விசயமாகவே இருந்திராது. வரிசை நகர நகர, முன்னால் நிற்பவர்கள் இரண்டு சுட்டுவிரல்களையும் ஒரு சிறு பெட்டியில் அழுத்துவதைப் பார்த்தோம். அவர் என் கையைப் பிடித்தார். பொது இடத்தில் அவர் என் கையைப் பிடிப்பவரல்ல.

"அங்கையும் இப்பிடித்தான் எடுத்தவங்கள்," என்றார். முகாமைத்தான் சொன்னார்.

"இது எல்லாருக்கும் எடுக்கினம். அந்த வெள்ளைக்காரரைப் பாருங்கோ, அவருக்கும்தான்."

அவருடைய முறை வந்தது. டைல்ஸும் சீமெந்துச் சாந்தும் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல் நுனிகள் மழமழவென்று ஆகியிருந்தன. பெட்டி அவருடைய ரேகையை எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். எடுக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்ற, வயதான உதவியாளர் ஒருவர் ஓடி வந்து ஈரத் துணியால் அவருடைய விரலைத் துடைத்துவிட்டார், பிள்ளைக்குத் துடைப்பதுபோல. மறுபடி. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நான் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று, அவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, எந்தப் பாசையில் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவருடைய பிரஷர் குளிசைகள் என் கைப்பையில் இருந்தன. பையைத் திறந்து அவற்றைக் கையில் எடுத்தே வைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒருமாதிரி எடுபட்டது. உதவியாளர் தலை குனிந்து வணங்கினார். இவரும் குனிந்தார். அவர் மறுபடி குனிய, இவரும் மறுபடி குனிந்தார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

விமான நிலையத்திலேயே இணைய இணைப்புக்கென்று ஒரு சின்னக் கருவியை வாடகைக்கு எடுத்தோம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. அது அவருடைய தோள்பையில் இருந்தது. அது பக்கத்தில் இருந்தால் இரண்டு தொலைபேசிகளும் வேலை செய்யும். இல்லாவிட்டால் இல்லை. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

முதல் இரண்டு நாளும் பெரும்பாலும் நன்றாகவே போயின என்று சொல்லவேண்டும். கிங்கோ மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கும் ஒரு வீதிக்குப் போனோம். நான் அதுவரை அப்படி ஒரு மஞ்சளைக் கண்டதில்லை. மரம் முழுக்க ஒரே மஞ்சள், நிலம் முழுக்க அதே மஞ்சள். விசிறிபோன்ற சின்ன இலைகள் காற்றில்லாமலே சும்மா கழன்று விழுந்தன. நிலத்தில் விழுந்த பழங்கள் மிதிபட்டு ஒரு கெட்ட மணம். அந்த மணத்துக்குள் நின்று ஆயிரம் பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் என்னை ஒரு மரத்தடியில் நிறுத்தி, "சிரியும்," என்று சொல்லி ஒரு படம் எடுத்தார். நான் என் கத்தரிப்பூ நிறக் கோட்டோடு நிற்கும் படம்.

அவர் மரங்களை விட நிலத்தைத்தான் கூடப் பார்த்தார். ரயில் நிலையங்களில் குனிந்து டைல்ஸ் இணையும் இடங்களை விரலால் தடவுவார். "ஒரு மில்லிமீற்றர் பிசகேல்லை," என்பார். அந்த நேரங்களில் அவர் கடவுச்சீட்டைத் தடவ மறந்துவிடுவார். நான் அதைக் கவனித்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு பெரிய தோட்டத்துக்குப் போனோம். குளத்தைச் சுற்றி மேப்பிள் மரங்கள். சிவப்பு இலைகளின் நிழல் தண்ணீரில் விழுந்து, தண்ணீர் எது கரை எது என்று தெரியவில்லை. பைன் மரங்களின் உச்சியிலிருந்து குடைக்கம்பிகள்போலக் கயிறுகள் கட்டி இறக்கியிருந்தார்கள். பனி விழுந்து கிளை முறியாமல் இருக்க முன்கூட்டியே கட்டுவதாம். இவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் ஒரு கல்லில் இருந்து, கடையில் வாங்கிய சோற்றுருண்டையைப் பிரித்தோம்.

அப்போதுதான் ஒலிபெருக்கிகள் முழங்கின.

தோட்டத்துக்கு வெளியே, வீதிகளில், தொலைவில், எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில். கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அவை. முதலில் ஒரு கரகரப்பு, பிறகு ஒரு மெதுவான இசை. ஒன்றுக்கொன்று கொஞ்சம் பிந்திப் பிந்தி எதிரொலித்தது. அவர் சோற்றுருண்டையைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினார். நான் கல்லிலிருந்து மண்ணில் முழங்காலில் விழுந்தேன். ஊரில் சண்டைக் காலத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் வந்தால் அதற்குப் பிறகு ஏதாவது ஒன்று வரும். வீட்டை விட்டு வெளிக்கிடச் சொல்லும், அல்லது வெளிக்கிட வேண்டாம் என்று சொல்லும். இரண்டு பேரும் அப்படியே குனிந்தபடி இருந்தோம்.

சுற்றிலும் யாரும் அசையவில்லை. குளக்கரையில் ஒரு வயதான தம்பதி படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். இசை முடிந்தது. அமைதி.

விடுதியில் கேட்டபோது, வரவேற்பில் இருந்த பெண் கஷ்டப்பட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "அது பிள்ளைகளுக்கு. விளையாட்டு முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்று. தினமும் போடுவார்கள்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பெரிய ஆக்களுக்கும் போடலாம்," என்று என்னிடம் தமிழில் சொன்னார். "நாங்களும் வீட்டை போவமப்பா."

அந்தப் பெண்தான் மறுநாள் நடக்கவிருந்த திருவிழாவைப் பற்றிச் சொன்னாள். நவம்பரில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் ஒரு கோயிலில் சந்தை கூடும். இலை வாரும், பல்லுள்ள மூங்கில் வாருகோலைப் பொன் நாணயம், மீன், முகமூடி, வைக்கோல் எல்லாம் வைத்து அலங்கரித்து விற்பார்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் வருடாவருடம் ஒன்று வாங்கிப்போய்க் கடையில் மாட்டுவார்களாம். வருகிற வருடத்து அதிர்ஷ்டத்தை அப்படியே வாரி எடுப்பதற்கு. சொந்தத் தொழில் என்றதும் அவருடைய முகம் கொஞ்சம் மாறியது.

"சின்னனா ஒண்டு வாங்குவம்," என்றார். "வானுக்குள்ளை தொங்கவிடலாம்."

அவர் தானாக ஒன்றுக்கு ஆசைப்பட்டது அந்தப் பயணத்தில் அதுதான் முதல் தடவை. அதனால்தான் போனோம்.

பகலிலேயே போய்விட்டு வரலாம் என்று மதியத்துக்குப் பின் போனோம். எங்களைப்போலவே ஊர் முழுக்க யோசித்திருக்கும். ரயில் நிலைய வாசலிலேயே சனம் தொடங்கிவிட்டது. கோயிலுக்குப் போகும் வீதியின் இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள். சுட்ட சோளம், கோழி, மாவைக் குழைத்துச் சுடும் ஏதோ ஒன்று. புகையும் சோயா சோஸ் வாசமும். முன்னால் ஒரு உயர்ந்த சுவர் தெரிந்தது. கிட்டப் போனால் அது சுவரல்ல, நெருக்கமாக அடுக்கிய வெள்ளைக் காகித விளக்குகள். அவற்றின் நடுவில் ஒரு ஒடுங்கிய வாசல். வாசலுக்கு அப்பால் எங்கோ ஆட்கள் ஒரே தாளத்தில் கை தட்டும் சத்தம் கேட்டது. யாராவது வாருகோல் வாங்கினால் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கூவிக் கை தட்டுவார்களாம்.

சனத்தை ஒழுங்குபடுத்தப் பொலிஸார் நின்றார்கள். வெள்ளைக் கையுறை, கையில் ஒலிபெருக்கி. இவர் என் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்புவமே?" என்று கேட்டேன்.

"இவ்வளவு தூரம் வந்திட்டம்," என்றார்.

திரும்ப நினைத்திருந்தாலும் முடிந்திராது. பின்னாலும் அத்தனை சனம். காலை நாங்கள் எடுத்து வைக்கவில்லை, சனம் எங்களைக் கொண்டுபோனது. எனக்கு மூச்சு முட்டியது. என் முகத்துக்கு நேரே ஒருவரின் முதுகுப்பை. நான் தலையை நிமிர்த்தி, மேலே தெரிந்த ஒரு துண்டு வானத்தையும் ஒரு கிங்கோ கிளையையும் பார்த்தேன். அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்தேன்.

வாசலுக்குக் கிட்ட வந்தபோது ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். இரண்டு பொலிஸ்காரர் ஒரு தடித்த கயிற்றை வீதியின் குறுக்கே இழுத்தார்கள். உள்ளே நெரிசல் கூடாமல் சனத்தைப் பகுதி பகுதியாக விடுவதற்கு. அது நல்ல ஏற்பாடுதான், இப்போது எனக்குத் தெரியும். அப்போது நான் கண்டது இவ்வளவுதான். என் கோட்டின் கையிலிருந்த பிடி விடுபட்டது. திரும்பிப் பார்த்தால் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர். அவருடைய நெஞ்சுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கையுறை.

"மை ஹஸ்பண்ட்," என்றேன். "ப்ளீஸ். மை ஹஸ்பண்ட்."

பொலிஸ்காரர் மரியாதையாக உள்ளே போகும்படி கையைக் காட்டினார். பின்னாலிருந்தவர்கள் தள்ள, நான் வாசலுக்குள் போய்விட்டேன். கடைசியாக அவருடைய முகம் தெரிந்தது. அவர் என்னைக் கூப்பிடவில்லை. விமான நிலையத்தில் நின்றதுபோல, கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே என்னென்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பொன் நிறமும் சிவப்பும். தலைக்கு மேலே மலைபோல வாருகோல்கள். அவற்றில் ஒட்டியிருந்த முகமூடிகள் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே பத்துப் பதினைந்து பேர் திடீரென்று கூவிக் கை தட்ட, நான் கத்திவிட்டேன். யாருக்கும் கேட்கவில்லை. நிற்க விடவில்லை. ஒரே வழிதான். அது கோயிலுக்கு முன்னால் வளைந்து, கடைகளைச் சுற்றி, வேறொரு வீதியில் என்னைக் கொண்டுபோய் விட்டது.

வெளியே வந்ததும் தொலைபேசியை எடுத்தேன். இணைப்பு இல்லை. கருவி அவருடைய பையில். அவருடைய ஆஸ்திரேலிய இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தேன். ஏதோ ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் பதில் சொன்னது.

அடுத்த பகுதி சனத்தோடு வருவார் என்று அந்த வெளிவாசலில் நின்றேன். ஒரு கூட்டம் வந்தது. இன்னொரு கூட்டம் வந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லா முகமும் ஒன்றாகிவிட்டது. வரவில்லை. அவர் வாசலைத் தாண்டி வந்திருக்கமாட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே பொலிஸ் நிற்கிறது. அவர் பின்னுக்குப் போயிருப்பார். எங்காவது ஒரு சந்துக்குள். அல்லது அவரை ஏதாவது கேட்டிருப்பார்கள், அவர் பதில் சொல்லாமல் நின்றிருப்பார், பதில் சொல்லாதவரை என்ன செய்வார்கள்? அல்லது விழுந்திருப்பார். மதியக் குளிசை என் பையில் இருந்தது.

வந்த வழியால் திரும்பிப் போகப் பார்த்தேன். விடவில்லை. சுற்றிப் போகலாம் என்று ஒரு தெருவில் திரும்பினேன். அது இன்னொரு தெருவில் விட்டது. எல்லாத் தெருவிலும் அதே சோளம், அதே புகை. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு அம்புலன்ஸ் வந்தது. சனத்தை விலக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு, ஆமைபோல ஊர்ந்து வந்தது. நான் அதன் பின்னால் ஓடினேன். என் வயதில், அந்தச் சனத்துக்குள், யாரையெல்லாம் இடித்தேனோ தெரியாது. அது நின்ற இடத்தில் படுக்கையில் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாம்பல் நிற ஜக்கெற். இவரும் சாம்பல் நிற ஜக்கெற்தான் போட்டிருந்தார். தவழாத குறையாக ஆட்களுக்குள் நுழைந்து பார்த்தேன்.

அது வேறு யாரோ. நரைத்த தலையுடைய ஜப்பானியர். கண் திறந்திருந்தது. அவருடைய மனைவியாக இருக்கவேண்டும், ஒரு பெண் அவருடைய சப்பாத்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே ஏறினாள். கடவுளே, எனக்கு ஒரு நிமிடம் சந்தோசமாக இருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே சந்தோசப்பட்டேன்.

பிறகு நடக்க முடியவில்லை. ஒரு சோளக் கடையின் ஓரத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். கடைக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் துணி கட்டியிருந்தாள். முதலில் சோளம் வேண்டுமா என்பதுபோல ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை வைத்துவிட்டாள். ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதில் என்னை இருத்தினாள். நான் தொலைபேசியில் அவருடைய படத்தைக் காட்டினேன். அவள் தன் மோதிர விரலைத் தொட்டுக் காட்டி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பிறகு இரண்டு கையையும் விரித்து, இல்லை என்று காட்டினேன். அதற்கு மேல் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் பக்கத்துக் கடைக்காரரிடம் உரத்து ஏதோ சொன்னாள். தன் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு நடந்தாள். எங்கே போகிறோம் என்று கேட்க எனக்கு வழியில்லை. ஒரு மூலையில் திரும்பியதும் சின்னப் பெட்டிபோல ஒரு கட்டடம், வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு. பொலிஸ் சாவடி. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உலகத்தில் அவர் இருக்கவே மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடம் அது.

அவர் அங்கேதான் இருந்தார்.

ஒரு இரும்புக் கதிரையில், முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு. எதிரே மேசையில் ஒரு இளம் பொலிஸ்காரர். மேசை மேல் அவருடைய தொலைபேசி. அதில் என் படம், கிங்கோ மரத்தடியில் சிரித்துக்கொண்டு நிற்பது. கடவுச்சீட்டு அவருடைய கையில் விரித்தபடி இருந்தது. அதை அவர் பொலிஸ்காரரிடம் கொடுக்கவில்லை. தானே பிடித்துக்கொண்டிருக்க, அந்தப் பொலிஸ்காரர் மேசைக்கு மேலால் வளைந்து, தலையைச் சரித்துப் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார். சாவடிக்குள் குளிர்காற்று ஊளையிட்டது. கதவை ஏன் இப்படித் திறந்து போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பொலிஸ்காரர் தன் தொலைபேசியைப் பார்த்து ஏதோ சொன்னார். அது அதை மொழிபெயர்த்து, நல்ல இலக்கணத் தமிழில், செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில் கேட்டது: "உங்கள் மனைவியின் மேலங்கி என்ன நிறம்?"

"கத்தரிப்பூ நிறம்," என்றார் அவர், தொலைபேசியிடம்.

"இஞ்சருங்கோ," என்றேன்.

அவர் திரும்பினார். எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை என்று பிறகு சொன்னார். கடவுச்சீட்டை மூடி உள்பையில் வைத்தார்.

"எங்கை போனனீர்?" என்றார். "எங்கையெல்லாம் தேடுறது?"

பொலிஸ்காரர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து குனிந்தார். சோளக்காரியும் குனிந்தாள். நான் நன்றி சொல்ல அவளுடைய கையைத் தேடினேன். அவள் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அடுப்பு நினைவு வந்தவளாக ஓடிப்போனாள்.

பக்கத்தில் ஒரு சின்ன நூடில்ஸ் கடைக்குள் போய் இருந்தோம். அவருக்கு முதலில் குளிசையைக் கொடுத்தேன். கிண்ணத்தைத் தூக்கப் போய்ச் சூப் மேசையில் சிந்தியது. நான் துடைத்தேன்.

"அங்கை எப்பிடிப் போனீங்கள்?" என்று கேட்டேன். "ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

"ஒருதரும் இல்லை. நானாத்தான் போனனான்."

நான் என் கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன்.

"கயிறு எடுத்தவுடனை உள்ளுக்கு வந்தனான். எல்லாத் திசையாலும் பாத்துப் பாத்து, பிந்தித்தான் வெளியிலை வந்தன். உம்மைக் காணேல்லை. சனம் நெரிச்சு நீர் விழுந்திருப்பீர் எண்டு நினைச்சன். ஆருக்கும் சொல்லத்தானே வேணும்." சூப்பை ஒரு வாய் குடித்தார். "பொலிஸ் வாசலிலை கொஞ்சம் நிண்டனான். உள்ளுக்குப் போகக் கால் வரேல்லை. பிறகு போயிட்டன். போய் முதல் சொன்னது, கதவைப் பூட்டாதேங்கோ எண்டு. அந்தப் பெடியன் ஏனெண்டு கேக்கேல்லை. போய்த் திறந்துவிட்டிட்டு வந்து இருந்தவன். அவனுக்கும் நல்லாக் குளிர்ந்திருக்கும்."

பிறகு அவர் வில்லாவுட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் இருந்தவருக்குச் சமைக்கத் தெரியும் என்பதும், ஒரு விசாரணைக்குப் போக முதல் நாள் தனக்கு நாக்கு எழும்பாமல் போனது என்பதும், கதவு மூடுகிற சத்தம் கேட்டால் உள்ளே இருப்பது யார், வெளியே இருப்பது யார் என்றுதான் மனம் முதலில் பார்க்கும் என்பதும். பதினைந்து வருடத்துக்குக் கிட்ட நான் கேட்காமல் இருந்ததை, பக்கத்து மேசையில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்க, அவர் நூடில்ஸ் கிண்ணத்தைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். வாருகோல் வாங்கவில்லை. அந்தப் பக்கம் நாங்கள் மறுபடி போகவில்லை.

மறுநாள் மழை பெய்தது. விடுதிக்குப் பக்கத்துத் தெருவில் இலைகள் நனைந்து நிலத்தோடு ஒட்டிக் கிடந்தன. குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். எதிரே ஒரு பொலிஸ்காரர் சைக்கிளில் வந்தார். நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். இவர் மற்றப் பக்கத்துக்கு மாறவில்லை. ஆனால் நடையைக் குறைத்தார். சைக்கிள் கடந்து போகுமட்டும் மூச்சு விடவில்லை என்று நினைக்கிறேன்.

மகள் இன்றைக்கும் அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் நான் மஞ்சள் வீதியின் படத்தைத்தான் காட்டுகிறேன். அவளுக்கு மிச்சத்தைச் சொன்னது அவர்தான், ஒரு நாள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே, ஏதோ வேலையிடத்தில் நடந்த கதைபோல. "அப்பா, யூ வென்ட் இன் பை யோர்செல்ஃப்?" என்று அவள் கேட்டாள். "ஓம்," என்றார்.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவர் இப்போதும் பொலிஸ் காரைக் கண்டால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறார். ஆனால் பக்கத்து வீதிக்குத் திருப்புவது குறைந்திருக்கிறது. புதிதாகப் பயம் பிடித்தது எனக்குத்தான். சனி பின்னேரம் கடையில் சாமான் வாங்கும்போது, அவர் பால் எடுக்க அடுத்த வரிசைக்குப் போய்ச் சற்றுப் பிந்தினால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஒவ்வொரு வரிசையாக எட்டிப் பார்க்கிறேன். அவர் எங்காவது குனிந்து கடைத் தரையின் டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"இஞ்சைதானப்பா நிக்கிறன்," என்பார், நிமிராமலே.